பத்து நிமிஷம் ஆறட்டும்

“அந்த ஒரு டயர்ல மட்டும் எப்படி வாரா வாரம் காத்து குறையுது?”

இரண்டு மாதங்களுக்கு முன்னால் அவளுடைய கணவன் கேட்டது. கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணாடியைப் பார்த்தபடி, பதிலுக்குக்கூடக் காத்திராமல் கேட்டது. “பழைய டயர்தானே, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள். அவனும் மறந்துவிட்டான். இப்போது, வாடகைக்கு வந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கேள்வி திரும்பி வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

கூடத்தில் மாமனார் படுத்திருந்தார். வெள்ளைத் துணியைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து நின்று, கும்பிட்டு, அவளைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். “நாலு வருஷம் பார்த்துக்கிட்டியேம்மா, பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்க்காது” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவள் நாற்காலியின் காலைத் துடைத்தாள். துடைத்த காலையே மறுபடியும் துடைத்தாள்.

பெற்ற பெண் பத்து மணிக்கு வருகிறாள். கணவனின் அக்கா, ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. ஜன்னல் கண்ணாடி உடைந்தால், உடைத்தது யார், கல் எங்கிருந்து எடுத்தது, அந்நேரம் எந்த வகுப்பு நடக்க வேண்டும் என்பதுவரை கேட்டு முடித்தால்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கும். அண்ணி கேட்பாள். கேட்டால் பொய் சொல்ல முடியாது. இரண்டு மாதங்களுக்கு முன்னால் கணவனிடம் சொன்ன பொய் ஒன்றே போதும்; அதைத்தான் நேற்றுக் காலையிலிருந்து அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

*

மாமனார் எடை மேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். காலி லாரி ஏறும், எண்ணை எழுதுவார். சரக்கோடு ஏறும், எண்ணை எழுதுவார். ஓய்வு பெற்ற பிறகும் எண் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினில் படுக்க வேண்டும் என்றானபோது, அழுதவள் மருமகள்தான். அவர் டாக்டரிடம் கேட்டது, “ஒரு தடவைக்கு எத்தனை கிலோ தண்ணி எடுப்பீங்க?”

கணவனுக்கு ஷிப்ட் வேலை. ஆகவே அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முன் சீட்டில் இடது பக்கம் மாமனார். மடியில் ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில். அவளை “டிரைவரம்மா” என்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மூடிக் கிடந்த ஒரு ஆலையின் மதிலை ஒட்டி, பஞ்சர் கடை. கடைக்காரரை எல்லாரும் ஒட்டுக்காரர் என்பார்கள். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டி வந்து நின்றதும் காற்றுக் குழாயை எடுக்கவே மாட்டார்.

“ஓடி வந்த சூட்டுல மீட்டர் ரெண்டு மூணு பவுண்டு கூடத்தான் காட்டும். அதை நம்பி இறக்கி விட்டீங்கன்னா நாளைக்குக் காலையில கம்மியா நிக்கும். முழுசா ஆற மூணு மணி நேரம் ஆகும், அதுக்கு உங்களுக்கு நேரம் இல்ல. பத்து நிமிஷமாவது ஆறட்டும்.”

அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அவள் போகவில்லை. கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்த பழைய டயர்களுக்கும் மதிலுக்கும் நடுவே கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள். முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் செருப்பைக் கழற்றி வைத்தாள். அதற்கடுத்த வாரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அடுப்பில் எதுவும் பொங்கவில்லை. அழைப்பு மணி அடிக்கவில்லை. பத்து நிமிஷம்.

உண்மையில் நன்றாக இருக்கும் டயருக்கு மாதம் ஒரு தடவை காற்றுப் பார்த்தால் தாராளம். பின்பக்க இடது டயர்தான் காரணம். வாரத்துக்கு ஐந்தோ ஆறோ பவுண்டு குறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கே நிற்க வேண்டியிருந்தது.

“எத்தனை?” என்பார் மாமனார் ஜன்னல் வழியே.

“இருபத்தாறு, பெரியவரே.”

“போன வாரம் இருபத்தேழு. ஏத்துங்க முப்பத்திரண்டுக்கு. எனக்கு இறக்கணும், இதுக்கு ஏத்தணும். நல்ல ஜோடி.”

ஒருநாள் காரைக் கழுவும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். டயரின் பள்ளத்துக்குள் ஒரு ஆணியின் தலை, தேய்ந்து, காசு மாதிரி பளபளவென்று. திங்கட்கிழமை ஒட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னாள்.

“தெரியும்மா. ஆணியே அடைச்சுக்கிட்டு நிக்குது, அதனாலதான் காத்து மெள்ளப் போகுது. எடுத்துட்டு ஒட்டுப் போட்டா அரைமணி வேலை. அப்புறம் குறையாது.”

அப்புறம் குறையாது. அவள் மரப்பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள்.

“இருக்கட்டும் அண்ணே. அப்புறம் பார்த்துக்கலாம். மாமாகிட்ட சொல்லிடாதீங்க, பயப்படுவார்.”

ஒட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு குழாயைச் சுருட்டினார். அதற்கு மறுநாள்தான் கணவன் கன்னத்தில் நுரையோடு அந்தக் கேள்வியைக் கேட்டான்.

*

நேற்று, கடைக்கு இருநூறு அடி இருக்கும்போது, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் காரின் பின்பக்கம் நெளிந்தது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து ஓரம் கட்டினாள். இறங்கிப் பார்த்தால் பின்பக்க இடது டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆணி எங்கோ தெறித்துவிட்டது.

கைப்பேசியில் கூப்பிட்டதும் ஒட்டுக்காரர் தன் மொபெட்டில் வந்தார். ஸ்டெப்னியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அமுங்கியது. வாரா வாரம் நாலு சக்கரத்துக்குக் காற்றுக் கேட்டார்களே தவிர, டிக்கிக்குள் கிடந்த ஐந்தாவதை யாரும் நினைக்கவில்லை.

“பெரியவரை உள்ள வச்சுக்கிட்டு ஜாக்கி போட முடியாது. இறங்குவாரா?”

“எதுக்குப்பா இறங்கணும்? நல்லாத்தான் இருக்கு இங்க” என்றார் மாமனார்.

“வேற வண்டி பிடிக்கவா மாமா? எட்டு மணிக்கு மெஷின்.”

“எட்டு மணி மெஷின் ஒன்பதுக்கும் ஓடும். அதுக்கு என்ன, ரயிலா?”

ஓட்டை கண்ணுக்கு எதிரே வரும்படி காரை ஒரு சாண் நகர்த்தச் சொன்னார் ஒட்டுக்காரர். பசை தடவிய ரப்பர்த் திரியை ஊசியில் கோத்து, முட்டியை ஊன்றி, ஓட்டைக்குள் சொருகினார். பிறகு கால் பம்பை மாட்டி மிதிக்க ஆரம்பித்தார். அவள் சக்கரத்தின் அருகே குந்தி, பம்பில் இருந்த மீட்டரைப் பார்த்தாள்.

“எத்தனை?” முன் ஜன்னலிலிருந்து குரல்.

“எட்டு மாமா.”

பம்ப் கிறீச்சிட்டது. மதிலுக்கு மேலே தெரிந்த மரத்தில் பறவைகள் ஏதோ பஞ்சாயத்து வைத்துக்கொண்டிருந்தன.

“எத்தனை?”

“பதினைஞ்சு.”

“பரவாயில்லையே. ஆளு களைச்சுட்டார் பாரு, என் பாட்டிலைக் குடு. எனக்குத்தான் அளவுத் தண்ணி, அவருக்கென்ன?”

ஒட்டுக்காரர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிதித்தார்.

“எத்தனை, டிரைவரம்மா?”

“இருபத்தெட்டு மாமா.”

“ம்ம். வந்துட்டோம்.”

முப்பத்திரண்டு வந்தது. அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். “முப்பத்திரண்டு மாமா.” ஜன்னல் விளிம்பில் அவருடைய கை இருந்தது. வெயிலில் சாய்ந்து தூங்குகிற ஆள் மாதிரி இருந்தார். காரை ஓட்டி, ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, அவருடைய தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

“எங்க இருந்திருந்தாலும் இதேதாம்மா. மெஷின்ல இருந்திருந்தாலும் இதேதான்” என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். ஆனால் டாக்டருக்கு ஆணியைப் பற்றித் தெரியாது.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அன்றிரவு அவள் ஏழு மணி நேரம் தூங்கினாள். நாலு வருஷத்தில் ஒருநாளும் அப்படித் தூங்கியதில்லை. காலையில் கண்ணைத் திறந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்னையே அறையலாம் போல இருந்தது.

*

அண்ணி வந்தாள். செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராக அப்பாவின் தலைமாட்டுக்குப் போனாள். நெற்றியில் கை வைத்தாள். சத்தமில்லாமல் நன்றாக அழுதாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

“போன்ல ஏதோ பஞ்சர்னியே. என்னது?”

“வழியில டயர் பஞ்சர்க்கா. ஒட்டிக்கிட்டு இருக்கும்போதே…”

“ஸ்டெப்னி எங்க போச்சு?”

“அதுலயும் காத்து இல்ல.”

“அதை யார் பார்க்கணும்?”

அவள் கையில் இன்னும் ஈரத்துணி இருந்தது. “நான்தான் அண்ணி.”

“அக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம்?”

“நீ சும்மா இருடா. வண்டிக்கு நாலு சக்கரமா அஞ்சு சக்கரமான்னே உனக்குத் தெரியாது.” அண்ணி அவள் பக்கம் திரும்பினாள். குரலை இறக்கினாள். “நான் குத்தம் சொல்லலம்மா. எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான். இல்லன்னா வருஷக்கணக்கா மனசுக்குள்ள நானே ஒண்ணொண்ணா கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

அவள் வாயைத் திறந்தாள். அப்போது வெளியே ஒரு மொபெட் வந்து நின்ற சத்தம்.

ஒட்டுக்காரர். குளித்து, தலையை வழித்துச் சீவி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் கருப்பு போகவில்லை. நேற்றுக் காற்றடிக்க எடுத்துப்போன ஸ்டெப்னியை மொபெட்டின் பின்னாலிருந்து அவிழ்த்து, கேட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்தார்.

“சாவு வீட்டுக்குப் பூ கொண்டுவந்து பார்த்திருக்கேன்” என்று கிசுகிசுத்தாள் எதிர்வீட்டுக்காரி. “டயரோட வர்ற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்.”

சக்கரத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவர் உள்ளே வந்தார். மாமனாரின் காலடியில் நின்றார். இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை போதும்.

“நீங்கதான் பஞ்சர் போட்டவரா?” என்றாள் அண்ணி.

“ஆமாம்மா.”

“வாரா வாரம் உங்ககிட்டதானே காத்து அடிக்கிறாங்க? நல்ல டயர் திடீர்னு எப்படிப் படுக்கும்?”

ஒட்டுக்காரர் மருமகளைப் பார்க்கவில்லை. அதை அவள் கவனித்தாள். வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

“நல்ல டயர் இல்லம்மா. ஆணி இருந்தது. மூணு மாசமா இருந்தது. நான்தான் முதல்ல பார்த்தேன். பெரியவர்கிட்ட ஜன்னல் வழியா சொன்னேன், எடுத்துடலாம்னு.”

“அப்பாகிட்டயா? என்ன சொன்னார்?”

“வேண்டாம்னார்.”

“ஏன்?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். சபையில் பேசிப் பழகாத மனிதர்.

“கடைக்குப் பின்னால ஒரு பெட்டி கிடக்கும்மா. டயர் ஆறுறவரைக்கும் தங்கச்சி அதுல உட்காரும். பெரியவர் கார் பக்கக் கண்ணாடியில பார்த்துக்கிட்டே இருப்பார். ‘ஆணியை எடுத்துட்டா இங்க நிக்க வேண்டி வராதேப்பா. என் மருமக இங்க மட்டும்தான் உட்கார்றா. வீட்டுல அவ உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. இருந்துட்டுப் போகட்டும், அவகிட்ட சொல்லிடாத’ன்னார். வாரா வாரம் காத்து அடிச்சா ஓடும்தான்னு நானும் விட்டுட்டேன். தப்புத்தான்மா. நான் பிடிவாதமா எடுத்திருக்கணும்.”

அவ்வளவோடு நின்றுவிட்டார். அவளுடைய பங்கைச் சொல்லவில்லை. இனி சொல்லவும் மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. தப்பித்துவிட்டாள். துணியை வாளியில் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டால் போதும்.

“எனக்கும் தெரியும் அண்ணி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ஆணி இருந்தது. நானும் பார்த்தேன். இந்த அண்ணன்கிட்ட சொன்னேன். மாமாகிட்ட சொல்லாதீங்கன்னேன். எடுக்க வேண்டாம்னேன்.” அதோடு நிறுத்தவில்லை. “அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான். வேற ஒண்ணும் இல்ல. அதுக்காகத்தான் உங்க தம்பிகிட்ட பொய் சொன்னேன்.”

அண்ணி ஒட்டுக்காரரைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் தனித்தனியா வந்து சொல்லாதேன்னாங்களா?”

“ஆமாம்மா. நான் என்ன பண்ணட்டும்? இவங்க சொன்னதை அவர்கிட்ட சொல்லக் கூடாது, அவர் சொன்னதை இவங்ககிட்ட சொல்லக் கூடாது. திங்கட்கிழமை வந்தாலே எனக்கு உதறும்.”

“ஒரு ஆணியை… ரெண்டு பேரும் சேர்ந்து…” என்று ஆரம்பித்த அண்ணியால் முடிக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து, “அழுதுடும்மா, அடக்காதே” என்று முதுகைத் தடவினாள். மருமகளுக்கு மட்டும் அந்தக் கண்கள் தெரிந்தன. அண்ணி அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பின் கடைசியில்தான் அழுகை வந்தது.

கணவன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாரத்துக்குப் பத்து நிமிஷம்தானா?” என்றான்.

அவன் குனிந்து, அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டான். மிச்சம் இருந்த நாற்காலிகளைத் துடைக்கப் போனான்.

அண்ணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “நான் பஸ்ல வரும்போது ஒண்ணே ஒண்ணுதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். அந்த மெஷின் பக்கத்துல, ஒயரும் குழாயுமா, தனியா போயிட்டாரோன்னு. கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“எத்தனைன்னு கேட்டார் அண்ணி.”

“நீ?”

“இருபத்தெட்டுன்னேன்.”

“அதுக்கு?”

“‘வந்துட்டோம்’னார்.”

அண்ணி கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

“உட்காரு.”

“டீ போடணும் அண்ணி, வந்தவங்களுக்கு…”

“டீயை அவன் போடட்டும். நீ உட்காரு. நேத்து ராத்திரியாவது தூங்கினியா?”

அவள் தரையைப் பார்த்தாள். “தூங்கிட்டேன் அண்ணி. ஏழு மணி நேரம்.”

“நல்லது” என்றாள் அண்ணி. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

*

மதியம் வண்டி வந்தது. மாமனாரை எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து வீடு காலியானபோது வெயில் சாய்ந்திருந்தது. கணவனும் அண்ணியும் உள்ளே ஆளுக்கொரு பக்கம் சுருண்டிருந்தார்கள். நாற்காலிக்காரன் வந்து நாற்காலிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் வாசல் படியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

கேட்டுக்கு உள்ளே, நேற்றிலிருந்து நகராத காருக்குப் பக்கத்தில், ஒட்டுக்காரர் குந்தியிருந்தார். எப்போது திரும்பி வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டெப்னியை டிக்கிக்குள் வைத்து மூடினார். முன்பக்கம் இரண்டு, பின்பக்க வலது என்று ஒவ்வொரு சக்கரமாக மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் முழுக்க ஆறிய வண்டி. இன்றைக்குக் காட்டுவதுதான் சரியான அளவு.

பின்பக்க இடது சக்கரத்துக்கு வந்தார். மீட்டரை வைத்தார். பார்த்தார். மீட்டரை அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அவளால் எண்ணைப் படிக்க முடியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள்.

அந்தச் சக்கரத்தின் வால்வுக்கு மூடி இல்லை. வாரா வாரம் கழற்றி மாட்டியதில் என்றைக்கோ தொலைந்து போயிருந்தது. ஒட்டுக்காரர் சட்டைப் பையைத் தடவினார். பிறகு எழுந்து கேட்டுக்கு வெளியே போனார். தன் மொபெட்டின் முன்சக்கரத்தருகே குனிந்தார். திரும்பி வந்து, விரல்நுனியில் இருந்த சின்னக் கருப்பு மூடியைப் பின்பக்க இடது வால்வில் வைத்து, இறுகும்வரை திருகினார்.

கையைச் சட்டையில் துடைக்கப் போனவர், வெள்ளைச் சட்டை என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். கேட் சத்தம் போடாமல் இருக்க ஒரு கையால் தாங்கி மூடினார். வண்டியைக் கிளப்பாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனார்.